நஞ்சு ஒன்றா, இரண்டா? இரட்டைக் கர்ப்ப ஸ்கேன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையைத் திருப்பிக் காட்டி, "இங்க ஒரு தலை, இந்தா இன்னொரு தலை" என்று சொன்னதும் ஸ்கேன் அறையில் அரை நிமிடம் யாரும் பேசுவதில்லை. அப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். கூட வந்த அம்மா கேட்பார், கணவர் கேட்பார், வெளியே போனவர்கள் மறந்ததைக் கேட்க மறுபடி வந்து கதவைத் தட்டுவார்கள். கரு மருத்துவத்தில் வேலை பார்ப்பவள் நான். தினமும் பதில் சொல்லும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்கு. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது.

இரட்டை என்று சொல்லிவிட்டார்கள். முதலில் என்ன கேட்க வேண்டும்?

"நஞ்சு ஒன்றா, இரண்டா?" முதல் கேள்வி இதுதான். ஆணா பெண்ணா, நார்மலா சிசேரியனா எல்லாம் பிறகு.

குழந்தைக்குச் சாப்பாடும் காற்றும் கொண்டுபோவது நஞ்சு, ஆங்கிலத்தில் பிளசென்டா. இரட்டையில் மூன்று விதம் உண்டு. ஆளுக்கொரு நஞ்சு, ஆளுக்கொரு பனிக்குடம் என்றால் ரிப்போர்ட்டில் டிசிடிஏ என்று போடுவார்கள். இரண்டு தனித்தனி வீடு மாதிரி. பக்கத்து வீட்டில் தண்ணீர் நின்றால் இந்த வீட்டில் நிற்காது. இரண்டு பேருக்கும் ஒரே நஞ்சு, பனிக்குடம் மட்டும் தனித்தனி என்றால் எம்சிடிஏ. அறைகள் வேறு, ஆனால் மோட்டாரும் குழாயும் ஒன்று. நஞ்சும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று, நடுவில் தடுப்பே கிடையாது என்றால் எம்சிஎம்ஏ. இது அபூர்வம். இரண்டு தொப்புள்கொடியும் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும் என்பதால் இதற்குத் தனி கவனிப்பு.

எத்தனை ஸ்கேன், எந்த மருத்துவமனை, எந்த வாரத்தில் பிரசவம் என்பதையெல்லாம் இந்த ஒரு வரிதான் முடிவு செய்கிறது.

அதை எப்போது பார்த்தால் தெரியும்?

14 வாரத்துக்குள். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை எடுக்கும் ஸ்கேன் இதற்குத் தோதானது. அந்தச் சமயத்தில் இரண்டு பனிக்குடத்துக்கும் நடுவே இருக்கும் சவ்வு நஞ்சைத் தொடும் இடம் தெளிவாகத் தெரியும். பந்தல்கால் நட்டு அடியில் மண் அணைத்த மாதிரி, சவ்வின் அடியில் நஞ்சுத் திசு முக்கோணமாக ஏறி நின்றால் நஞ்சு இரண்டு. சிமெண்டுத் தரையில் குச்சி வைத்த மாதிரி மெல்லிய சவ்வு நேராக வந்து நின்றால் ஒன்று. முதலாவதை லாம்ப்டா அடையாளம் என்றும் இரண்டாவதை டி அடையாளம் என்றும் சொல்வோம். வாரம் ஏற ஏற அந்த முக்கோணம் மங்கிவிடும்.

ஒரு பெண் 26 வாரத்தில் வந்தார். துணிக்கடைப் பையில் ஏழு ரிப்போர்ட். ஏழையும் மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். ஏழிலும் "இரட்டைக் கரு, இரண்டுக்கும் இதயத்துடிப்பு உண்டு" என்று இருந்தது. நஞ்சைப் பற்றி ஒன்றில்கூட ஒரு வார்த்தை இல்லை. முக்கால் மணி நேரம் பார்த்தும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சந்தேகம் என்றால் ஒரே நஞ்சு என்று எடுத்துக்கொண்டு கவனிப்பதுதான் முறை. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னேன். அந்த வயிற்றோடு பஸ் மாறி மாறி வந்துபோனார். பிரசவத்துக்குப் பிறகு நஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்தால், நஞ்சு இரண்டு. அத்தனை அலைச்சலும் பன்னிரண்டாவது வாரத்தில் யாரோ எழுதாமல் விட்ட ஒரு வரியால் வந்தது. அதனால் முதல் மூன்று மாத ஸ்கேன் ரிப்போர்ட்டையும் படத்தையும் பத்திரமாக வையுங்கள். படம் வெளுத்துப்போகும் தாளில் இருந்தால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நஞ்சு என்றால் குழந்தைகள் ஒரே மாதிரி இருக்காதா?

இருக்கலாம். இங்கேதான் பலரும், சில நேரம் மருத்துவம் படித்தவர்களும், குழம்புகிறார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உண்டாகும் இரட்டையர்தான் அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். அந்தப் பிரிவு முதல் மூன்று நாளுக்குள் நடந்தால் நஞ்சும் இரண்டாகவே வளரும். நான்கு முதல் எட்டு நாளுக்குள் பிரிந்தால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்று. ஒரே கருவில் வந்த இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு நஞ்சு இரண்டு இருக்கும். நஞ்சு ஒன்று என்றால் ஒரே கரு என்று சொல்லிவிடலாம். இரண்டு என்றால் பிறந்து முகம் பார்க்கும்வரை பொறுங்கள்.

ஐவிஎஃப்பில் இரண்டு கரு வைத்தார்கள். அப்படியானால் நஞ்சும் இரண்டுதானே?

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இரண்டில் ஒன்று ஒட்டாமல் போய், ஒட்டியது இரண்டாகப் பிரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு கரு வைத்தவருக்கு இரட்டை வருவதும் இப்படித்தான். ஊகிக்க வேண்டாம், ஸ்கேனில் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இரட்டை வாழைப்பழம் சாப்பிட்டதால்தான் என்கிறார் மாமியார்.

இல்லை. அம்மா வழியில் இரட்டையர் இருப்பது, அம்மாவின் வயது கூடுவது, கருத்தரிப்பு சிகிச்சை ஆகியவை இரு கருவில் வரும் இரட்டைக்கான வாய்ப்பைக் கூட்டும். ஒரே கரு ஏன் பிரிகிறது என்பதற்கு இன்றும் உறுதியான காரணம் கிடையாது.

ஒன்று ஆண், ஒன்று பெண் என்று தெரிந்தால் நஞ்சு இரண்டு என்று சொல்லிவிடலாமாமே? பிறகு ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

விவரம் தெரிந்துதான் கேட்கிறீர்கள். வெளிநாட்டு ரிப்போர்ட்களில் அப்படி எழுதுவார்கள். இந்தியாவில் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தை வாயாலோ சைகையாலோ எழுத்தாலோ தெரிவிக்கக் கூடாது. "ரெண்டும் வேற வேற" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு ஆண், ஒரு பெண் என்று சொன்னதாகத்தானே அர்த்தம்? ஸ்கேனுக்கு முன் நீங்கள் கையெழுத்துப் போடும் எஃப் படிவத்திலும் பாலினம் அறிய விரும்பவில்லை என்றுதான் இருக்கிறது. "நஞ்சு இரண்டு" என்ற முடிவை மட்டும் ரிப்போர்ட்டில் எதிர்பாருங்கள்.

எத்தனை ஸ்கேன் எடுக்க வேண்டும்? இத்தனை எடுத்தால் குழந்தைக்கு ஆகாதே?

ஸ்கேன் ஒலி அலை. எக்ஸ்ரே கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது.

நஞ்சு இரண்டு என்றால் முதல் மூன்று மாத ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஐந்தாம் மாத ஸ்கேன், அதன்பின் நான்கு வாரத்துக்கு ஒன்று. நஞ்சு ஒன்று என்றால் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒரே நஞ்சுக் குழந்தைகளுக்கு இதயக் கோளாறு வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பதால் இதயத்துக்கென்று தனி எக்கோவும் எடுக்கச் சொல்வோம். "போன வாரம்தானே நல்லா இருக்குன்னு சொன்னீங்க" என்று அலுத்துக்கொள்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், செலவும் பயணமும் யாருக்கும் சும்மா வருவதில்லை. ஆனால் ஒரே நஞ்சில் இரண்டு வாரத்துக்குள் நிலைமை தலைகீழாக மாறிவிடும். இந்த ஒரு விஷயத்தில் தள்ளிப்போடாதீர்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் பார்க்கும் நாள். இரட்டை என்று தெரிந்த உடனே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லித் தாய் சேய் நல அட்டையில் அதிக ஆபத்துக் கர்ப்பம் என்று குறிக்கச் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அதனால் சுலபமாகும்.

ரிப்போர்ட்டில் முதல் குழந்தை, இரண்டாம் குழந்தை என்று போட்டிருக்கிறதே, மாறிப் போகாதா?

எண் மட்டும் போட்டால் மாறிப் போகும். இடமும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்: கீழே வலப்பக்கம் இருப்பது, மேலே இடப்பக்கம் இருப்பது, நஞ்சு முன்பக்கம், பின்பக்கம் என்று. போன மாதம் சின்னதாக இருந்த குழந்தை எது என்று தெரிந்தால்தானே அது வளர்ந்ததா என்று பார்க்க முடியும்? வேறு வேறு இடத்தில் ஸ்கேன் எடுப்பவர்கள் பழைய ரிப்போர்ட் அத்தனையும் கொண்டுபோக வேண்டும் என்று சொல்வது இதற்காகவும்தான்.

டவுன் சிண்ட்ரோம் பரிசோதனை இரட்டையில் சரியாக வருமா?

வரும், கொஞ்சம் வரம்போடு. குழந்தையின் கழுத்துப் பின்புற நீரை அளக்கும் 12-வது வார ஸ்கேன், குழந்தைக்குக் குழந்தை தனியாகக் கணக்கு சொல்லும். அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் டிஎன்ஏ-வைப் பார்க்கும் என்ஐபிடி இரட்டைக்கும் செய்யலாம். ஆனால் அது சந்தேகம் தந்தால் எந்தக் குழந்தை என்று சொல்லாது. தொடக்கத்தில் மூன்றாவதாக ஒரு கரு இருந்து கரைந்துபோயிருந்தால் முடிவையே குழப்பிவிடும். அப்படி ஏதும் நடந்திருந்தால் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எந்த முடிவாக இருந்தாலும் அது வாய்ப்பைச் சொல்வதுதான். உறுதி செய்ய ஊசி வைத்துப் பனிக்குட நீர் எடுக்க வேண்டும்.

"ஒரு குழந்தைக்குத் தண்ணி கம்மி, இன்னொன்னுக்கு அதிகம்" என்றார்கள். அம்மா தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுமா?

நஞ்சு ஒன்று என்றால், ஆகாது. இளநீரும் மோரும் குடித்துக்கொண்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே அல்லது மறுநாளே கரு மருத்துவ நிபுணரிடம் போக வேண்டிய விஷயம் இது.

நடப்பது என்னவென்றால், ஒரே நஞ்சின் மேல் இரண்டு குழந்தைகளின் ரத்தக்குழாய்களும் இணைந்திருக்கும். பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் சரிசமமாக நடக்கும். ஒரே நஞ்சு இரட்டையரில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு அந்தக் கணக்கு ஒருபக்கமாகச் சாய்கிறது. கொடுக்கும் குழந்தைக்கு ரத்தம் குறையும், சிறுநீர் குறையும். பனிக்குட நீர் என்பது பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான், எனவே அதுவும் வற்றும். வாங்கும் குழந்தைக்கு எல்லாமே அதிகம்: ரத்தம், சிறுநீர், தண்ணீர், இதயத்துக்கு வேலை. இதை டிடிடிஎஸ் என்பார்கள். கொடுப்பவர் பக்கம் ஆழமான இடத்தில்கூட நீர் 2 சென்டிமீட்டருக்குக் கீழே, வாங்குபவர் பக்கம் 8 சென்டிமீட்டருக்கு மேலே என்பது அடிப்படை அளவு. 20 வாரத்துக்கு மேல் 10 என்று கொள்பவர்களும் உண்டு.

"முந்தாநாள் வரைக்கும் போட்ட நைட்டி இன்னிக்கு இறுக்குது" என்று சொல்லிக்கொண்டு வந்தார் ஒருவர், 19 வாரம். சாப்பிட்டது செரிக்கவில்லை என்று ஓமத் தண்ணீர் குடித்திருந்தார். கருவியை வைத்ததும் திரை முழுக்கக் கறுப்பு, அத்தனையும் தண்ணீர். நடுவில் ஒரு குழந்தை நீந்திக்கொண்டிருந்தது. இன்னொன்றைத் தேடினேன். கர்ப்பப்பைச் சுவரின் மேல் மூலையில், ஈரத்துணி உடம்போடு ஒட்டின மாதிரி சவ்வு சுற்றியபடி அசையாமல் இருந்தது. அதன் சிறுநீர்ப்பை தெரியவே இல்லை. அன்று இரவே ரயில் ஏறினார்கள். ஒரே நஞ்சு என்று தெரிந்தவர்களுக்கு வயிறு திடீரென்று பெருத்தாலோ மூச்சு வாங்கினாலோ, "ரெட்டைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அதற்கு லேசர் சிகிச்சை என்கிறார்களே, வயிற்றைத் திறந்து செய்வதா?

திறக்க மாட்டார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாயை அம்மாவின் வயிறு வழியாகப் பனிக்குடத்துக்குள் செலுத்தி, நஞ்சின் மேல் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ரத்தக்குழாய்களைத் தேடித் தேடி லேசரால் பொசுக்கி மூடுவார்கள். ஒரே நஞ்சை இரண்டாகப் பாகம் பிரித்துக் கொடுக்கிற வேலை. பிறகு அதிகப்படி நீரை எடுத்துவிடுவார்கள். பொதுவாக 16 முதல் 26 வாரத்துக்குள் செய்வது.

இந்த முறையை அமெரிக்காவில் ஜூலியன் டி லியா என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1990-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள், தண்ணீரை மட்டும் ஊசியால் எடுத்துவிடுவதுதான் வழக்கம். இரண்டையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2004-ல் வந்தது. ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் வரை உயிரோடு இருந்தது லேசரில் 76 சதவீதம், நீர் எடுத்ததில் 56 சதவீதம். லேசருக்குப் பிறகு குழந்தைகளின் மூளையில் பாதிப்பும் குறைவாக இருந்தது. இன்று அனுபவமுள்ள மையங்களில் இந்தக் கணக்கு இன்னும் மேலே போயிருக்கிறது.

ஆனாலும் இதைக் கேட்டுவிட்டு யாரும் ரொம்ப நிம்மதி அடைய வேண்டாம் என்றே சொல்வேன். லேசருக்குப் பிறகு பனிக்குடம் உடையலாம், ஒரு குழந்தை தவறலாம், கண்ணுக்குத் தப்பிய மெல்லிய குழாய் வழியாக மெதுவாக ரத்தம் கசிந்து ஒன்று வெளிறி இன்னொன்று சிவக்கும் டேப்ஸ் என்ற நிலை வரலாம். செய்யாமல் விட்டால், முற்றிய நிலையில் பெரும்பாலும் இரண்டு குழந்தையும் தங்காது. நீர் அளவு மட்டும் மாறியிருக்கும் முதல் நிலையில் லேசர் செய்யாமல் அடிக்கடி ஸ்கேன் பார்த்துக் காத்திருப்பதும் உண்டு. அந்த நிலைகளைப் பிரிக்கும் 1 முதல் 5 வரையான அளவுகோலை குவின்டெரோ என்பவர் 1999-ல் வகுத்தார். "எத்தனையாவது நிலை?" என்று கேளுங்கள்.

சென்னை போன்ற பெருநகரங்களில் இது நடக்கிறது. எல்லா ஊரிலும் கிடையாது. எங்கே போவது என்பதை அந்த நாளில் தேடாமல், ஒரே நஞ்சு என்று தெரிந்த அன்றே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குழந்தைக்கும் எடை வித்தியாசம் என்கிறார்கள். எவ்வளவு வரை பரவாயில்லை?

நீங்களே கணக்குப் போடலாம். பெரிய குழந்தையின் எடையிலிருந்து சின்னதைக் கழித்து, பெரியதால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 1,200 கிராம், 1,080 கிராம் என்றால் 10 சதவீதம். அண்ணன் தம்பிக்குள் இருக்கும் வித்தியாசம்தான். 1,200, 900 என்றால் 25 சதவீதம். இது கவனிக்க வேண்டிய எல்லை. ஸ்கேன் எடை தராசில் வைத்த எடை கிடையாது, நூற்றுக்குப் பத்து பதினைந்து முன்பின் இருக்கும். அதனால் ஒரு ஸ்கேனை வைத்து அழ வேண்டாம். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது இடைவெளி கூடுகிறதா என்பதுதான் முக்கியம்.

கூடவே டாப்ளரில் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் பார்ப்பார்கள். ஓட்டம் சீராக இருந்தால் சின்னக் குழந்தை சின்னதாகவே இருந்துகொண்டு 34, 35 வாரம் வரை போய்விடும். இதயம் விரியும் நேரத்தில் ஓட்டம் நின்றுபோனாலோ திரும்பினாலோ அடிக்கடி பார்க்க வேண்டும். பாதி அம்மாக்கள், தான் சரியாகச் சாப்பிடாததால்தான் ஒன்று இளைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அதே சாப்பாட்டில்தானே இன்னொன்று நன்றாக வளர்கிறது? நஞ்சில் ஒருவருக்குப் பங்கு குறைவாகக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு குழந்தை தவறிவிட்டது. உள்ளேயே விட்டால் விஷம் ஏறாதா? உடனே எடுத்துவிடக் கூடாதா?

இந்தக் கேள்வியை எல்லாரும் அறைக்கு வெளியே நின்று மெதுவாகத்தான் கேட்பார்கள்.

முதல் மூன்று மாதத்தில் ஒரு கரு கரைந்து மறைவது அரிதான விஷயம் கிடையாது. சிலருக்கு லேசான உதிரப்போக்கு இருக்கும், சிலருக்கு அதுவும் தெரியாது. மற்றது பெரும்பாலும் நன்றாக வளரும். பின்னாளில் தவறினால் நஞ்சுதான் முடிவு செய்யும். நஞ்சு இரண்டு என்றால் உயிரோடு இருக்கும் குழந்தைக்குப் பெரிய ஆபத்து பொதுவாக இல்லை. குறைமாதப் பிரசவம் வராமல் பார்த்துக்கொள்வதே வேலை. நஞ்சு ஒன்று என்றால், ஒரு இதயம் நின்ற அந்த நேரத்தில் மற்ற குழந்தையின் ரத்தம் அந்தப் பக்கம் வேகமாகச் சரியும். அதனால் அதுவும் தவறலாம், நூற்றுக்குப் பதினைந்து போல. பிழைத்ததற்கு, ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, மூளையில் பாதிப்பு வரலாம். இது அந்தச் சில நிமிடங்களில் நடந்து முடிந்துவிடும். மறுநாள் அவசர ஆபரேஷன் செய்து எடுப்பதால் நடந்தது மாறாது, குறைமாதக் கஷ்டம்தான் சேரும். ஆகவே காத்திருந்து, ரத்த ஓட்டத்தையும் ரத்த சோகை இருக்கிறதா என்பதையும் டாப்ளரில் பார்த்து, நான்கு வாரம் போல கழித்து குழந்தையின் மூளையை எம்ஆர்ஐ-யில் பார்ப்போம்.

தவறிய குழந்தை உள்ளே இருப்பதால் அம்மாவுக்கு "விஷம்" ஏறாது. எதற்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். அம்மாவை அந்த வாரம் தனியாக விடாதீர்கள்.

ஒரு குழந்தைக்கு மட்டும் பெரிய குறை இருக்கிறது என்றால் என்ன வழி?

சில குறைகள் பிறந்தபின் சரிசெய்யக்கூடியவை, அவற்றுக்கு எதுவும் செய்யாமல் தொடரலாம். வாழவே முடியாத அளவு குறை என்றால், அந்தக் குழந்தையின் வளர்ச்சியை மட்டும் நிறுத்தும் வழி இருக்கிறது. நஞ்சு இரண்டு என்றால் ஊசி மருந்து. நஞ்சு ஒன்று என்றால் அந்த மருந்து மற்றதையும் தொட்டுவிடும் என்பதால், தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை வெப்பத்தால் அடைப்பார்கள். 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரத்தைத் தாண்டினால் கருவின் கடுமையான குறைக்கு மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். என்ன முடிவு என்பது உங்கள் வீட்டு விஷயம். மருத்துவர் அவசரப்படுத்தினால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்கத் தயங்காதீர்கள்.

எங்கள் ஊர் மகப்பேறு டாக்டர் நல்லவர். அவரை விட்டுவிட்டு நிபுணரிடம் போக வேண்டுமா?

விட வேண்டாம். இரண்டு நஞ்சு, எல்லாம் சீராக இருக்கிறது என்றால் அவரே போதும், அந்த மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் வசதி இருந்தால். ஒரே நஞ்சு, ஒரே பனிக்குடம், எடை வித்தியாசம், நீர் வித்தியாசம், ஒரு குழந்தைக்குக் குறை, மூன்று கரு என்றால் கரு மருத்துவ நிபுணர் வேண்டும். பெரும்பாலும் ஸ்கேனுக்கு அவரிடமும் மற்றதற்கு ஊர் டாக்டரிடமும் என்று இருவரும் சேர்ந்தே பார்ப்பார்கள்.

முழுநேரமும் படுத்தே இருக்க வேண்டுமா?

வேண்டாம். படுத்தே கிடப்பதால் குறைமாதப் பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும், மனசும் வாடும். வீட்டுக்குள் நடமாடுங்கள், பாரம் தூக்காதீர்கள், களைத்தால் ஒருக்களித்துப் படுங்கள். குறைமாதத்தில் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று தெரிய, கர்ப்பவாய் நீளத்தை 20 வார வாக்கில் உள்வழி ஸ்கேனில் அளப்பார்கள். 25 மில்லிமீட்டரும் அதற்குக் கீழேயும் என்றால் பேச வேண்டியது இருக்கிறது. இரட்டை என்பதற்காக மட்டும் எல்லாருக்கும் கர்ப்பவாயில் தையல் போடுவது சரியில்லை.

"மூணு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்கிறார்களே?

மூன்று தட்டு சோறு வயிற்றில் எங்கே இறங்கும்? கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, முட்டை, பயறு, மீன், கீரை என்று. இரட்டையில் ரத்த சோகை சீக்கிரம் வரும். முருங்கைக்கீரை நல்லதுதான், அதை மட்டும் நம்பி இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள். ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பும் அதிகம் என்பதால் பலருக்கு 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்போம். உங்களுக்கு வேண்டுமா என்று முதல் மூன்று மாதத்திலேயே கேளுங்கள், 20 வாரத்துக்கு மேல் தொடங்கி அவ்வளவாகப் பயனில்லை.

எந்த அறிகுறிக்கு நேரம் பார்க்காமல் ஓட வேண்டும்?

உதிரப்போக்கு, நீர் கசிவு, விட்டுவிட்டு வயிறு இறுகுவது, திடீரென்று வயிறு பெருப்பது, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் வீங்குவது, உள்ளங்கை உள்ளங்காலில் இரவில் தூங்கவிடாத அரிப்பு. அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும்தான். எது உதைக்கிறது என்று பிரித்துச் சொல்ல உங்களால் முடியாது, முடியவும் வேண்டாம். "இன்னைக்கு ஏதோ சரியில்லை" என்று தோன்றினால் போதும். 108-ஐக் கூப்பிடும்போது இரட்டை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பிரசவம் எப்போது? நார்மல் ஆகுமா?

சிக்கல் இல்லாத இரண்டு நஞ்சுக்கு 37-வது வாரம், ஒரே நஞ்சுக்கு 36-வது வாரம், ஒரே பனிக்குடத்துக்கு 32 முதல் 34 வாரத்தில் சிசேரியன். பாதிக்கு மேற்பட்டோருக்கு 37-க்கு முன்பே வந்துவிடும். 34 வாரத்துக்கு முன் வரும்போல் தெரிந்தால் குழந்தைகளின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

முதல் குழந்தை தலை கீழே இருந்தால் நார்மலுக்கு முயலலாம். 25 நாடுகளில் 2,800 பெண்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு முன்பே திட்டமிட்ட சிசேரியனால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை ஏதும் தெரியவில்லை. ஆனால் இரண்டாவது குழந்தையைத் திருப்பி எடுக்கத் தெரிந்த கை அறையில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் சிசேரியனே மேல் என்பது என் எண்ணம்.

தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் தேதியையும் ஊரையும் மாற்றி யோசியுங்கள். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு என்று வைத்தால் அதற்குள் குழந்தைகள் வந்துவிடலாம். ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீடு சின்ன ஊரில் இருந்தால், அங்கிருந்து பச்சிளம் குழந்தை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. தனியார் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வாரக் குழந்தை வரை பார்ப்பீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு வென்டிலேட்டர் கிடைக்குமா, ஒரு நாள் செலவு எவ்வளவு. மூன்றாவதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது தந்த பிக்மி எண், ரத்த வகை, எல்லா ரிப்போர்ட்டும் ஒரே பையில் இருக்கட்டும். மேலே, கை விட்டதும் கிடைக்கிற மாதிரி, 12-வது வார ஸ்கேன்.